அடுத்த மேனேஜர் யார்? ஓட்டில்லாத தேர்தல்

2017 மார்ச் 18. வெஸ்ட் பிராம் அணியின் ஹாதார்ன்ஸ் மைதானத்தில் ஆர்சனல் ஆடிக்கொண்டிருக்கிறது. மேலே ஒரு சின்ன விமானம், வாலில் நீளமான பேனரை இழுத்தபடி வட்டமடிக்கிறது. ஒப்பந்தத்தை நீட்டிக்காதே, வெங்கர் அவுட் என்பது செய்தி. இன்னொரு விமானமும் வருகிறது. ஆர்சென் மேல் எங்களுக்கு நம்பிக்கை இருக்கிறது என்கிறது அதன் பேனர். இரண்டுமே ஆர்சனல் ரசிகர்களின் விமானங்கள்தான். கீழே அவர்களுடைய அணி 3-1 என்று தோற்றது.

அந்த ஆர்சென் வெங்கர் 1996-ல் ஜப்பானின் நகோயா கிராம்பஸ் அணியிலிருந்து லண்டனுக்கு வந்தபோது, யாரப்பா இவர் என்ற பொருளில் உள்ளூர்ப் பத்திரிகை தலைப்புப் போட்டது. பிறகு மூன்று லீக் பட்டம், ஏழு எஃப்ஏ கோப்பை, 2003-04-ல் 38 லீக் ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காத ஒரு சீசன். அப்படிப்பட்டவரைத்தான் வானத்தில் எழுதி அனுப்பப் பார்த்தார்கள். 22 ஆண்டுகள் இருந்துவிட்டு 2018-ல் அவர் போனார். போனபின் தகராறு தீர்ந்ததா என்றால், இல்லை. அடுத்தவர் யார் என்று புதிதாகத் தொடங்கியது.

கால்பந்து ரசிகனுக்கு ஆட்டம் 90 நிமிடம். மீதி வாரம் முழுக்க இந்தப் பேச்சுதான். நான்கு ஆட்டம் தொடர்ந்து தோற்றால் போதும், பப்பில், டீக்கடையில், ரயிலில், வாட்ஸ்அப் குழுவில் வேட்பாளர் பட்டியல் தயாராகிவிடும். இவர் வேண்டும், அவர் தற்காப்பு ஆட்டக்காரர், இவருக்கு இங்கிலீஷ் வராது, அவர் நம்ம பையன், இவர் பெரிய கிளப்பைப் பார்த்ததில்லை. சூதாட்ட நிறுவனங்கள் இதற்கென்றே விலைப்பட்டியல் வெளியிடும். இந்தச் சந்தையில் புழங்கும் பணம் கொஞ்சம். அதனால் யாரோ சிலர் ஒரு பெயரின் மேல் பணம் கட்டினாலே அதன் விலை இறங்கிவிடும். விலை இறங்கியதே மறுநாள் செய்தியாகும். செய்தியைப் பார்த்து இன்னும் சிலர் கட்டுவார்கள். கிளப் நிர்வாகி ஒருவர்கூட வாய் திறக்காமலே ஒருவர் முன்னணி வேட்பாளர் ஆகிவிடுவார்.

பரபரப்புக்குக் குறைவில்லாத இந்தத் தேர்தலில் ரசிகனுக்கு ஓட்டு மட்டும் கிடையாது. சீசன் டிக்கெட் வாங்கலாம், ஜெர்சி வாங்கலாம், பாடலாம், கூச்சல் போடலாம். முடிவெடுப்பது முதலாளி. ஆனாலும் அந்தக் கூச்சலுக்கு ஒரு பலம் உண்டு. ஒருவரைக் கொண்டுவர அது அநேகமாக உதவுவதில்லை. ஒருவரை வரவிடாமல் தடுக்க நன்றாகவே உதவுகிறது.

வேண்டாம் என்று சொல்லும் பலம்

2021-ல் டாட்டன்ஹாம் நடத்திய தேடலைப் பாருங்கள். ஏப்ரல் 19 அன்று, லீக் கோப்பை இறுதிப் போட்டிக்கு ஆறே நாள் இருக்கும்போது, ஜோசே மொரின்யோவை அனுப்பினார்கள். அதற்குப் பின் 72 நாள் நாற்காலி காலி. அந்தோனியோ கோன்டேவிடம் பேசினார்கள், முறிந்தது. பாவ்லோ ஃபொன்செகா ஏறக்குறைய முடிவாகிவிட்டார், அதுவும் முறிந்தது. அடுத்து ஜென்னாரோ கத்தூஸோ. அவர் பெயர் அடிபட்ட சில மணி நேரத்தில் ரசிகர்கள் கொதித்தார்கள். கால்பந்தில் பெண்கள், ஒரே பாலினத் திருமணம், இனவெறி ஆகியவை குறித்து அவர் முன்பு சொன்ன கருத்துகளைத் தோண்டி எடுத்துப் போட்டார்கள். கிளப் பேச்சை நிறுத்தியது. கடைசியில் ஜூன் 30 அன்று வந்தவர் நூனோ எஸ்பிரிட்டோ சாண்டோ. யாருடைய பட்டியலிலும் முதலிடத்தில் இல்லாதவர். முதல் மூன்று லீக் ஆட்டத்தையும் ஜெயித்து ஆகஸ்ட் மாதத்தின் சிறந்த மேனேஜர் விருதையும் வாங்கினார். நவம்பர் 1 அன்று வேலை போயிற்று. மறுநாளே வந்து உட்கார்ந்தவர், ஜூனில் பேச்சு முறிந்துபோன அதே கோன்டே.

மிலானில் நடந்தது இதைவிட வேடிக்கை. 2024 வசந்தத்தில் ஏசி மிலான் அணி ஸ்பெயின்காரர் ஹூலென் லொபெதேகியை எடுக்கப்போகிறது என்று செய்தி பரவியது. ரசிகர்கள் இணையத்தில் கையெழுத்து இயக்கமே நடத்தினார்கள். கிளப் பின்வாங்கி ஃபொன்செகாவை, ஆம், டாட்டன்ஹாம் விட்டுவிட்ட அதே ஃபொன்செகாவை, எடுத்தது. ரசிகர்கள் விரட்டிய லொபெதேகி லண்டனில் வெஸ்ட் ஹாமுக்குப் போனார். அந்த டிசம்பர் முடிவதற்குள் ஃபொன்செகாவை மிலான் நீக்கியது. 2025 ஜனவரி இரண்டாம் வாரத்தில் லொபெதேகியை வெஸ்ட் ஹாம் நீக்கியது. ரசிகர்கள் சொன்னது சரியா, தப்பா? லொபெதேகி விஷயத்தில் அவர்கள் பயந்தது நடந்தது, வேறு ஊரில். தங்கள் ஊருக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் பதில் இல்லை.

தடுப்பதில் இத்தனை கூர்மை காட்டுகிற கூட்டம் தேர்ந்தெடுப்பதில் ஏன் தடுமாறுகிறது? யோசிக்கிறபோது அது நினைவிலிருந்து யோசிக்கிறது என்பதுதான் என் கணிப்பு. வேண்டாம் என்பதற்குச் சான்று கண்ணெதிரே இருக்கிறது: தோல்விகள், பேச்சுகள், ஆடும் பாணி. வேண்டும் என்பதற்குச் சான்று எதிர்காலத்தில்தான் இருக்கிறது. அங்கே எட்டிப் பார்க்க முடியாததால் பழைய புகைப்பட ஆல்பத்தைத் திறக்கிறான் ரசிகன்.

ஆல்பத்திலிருந்து ஒருவர்

மான்செஸ்டர் யுனைடெட் ரசிகனின் ஆல்பத்தில் முதல் பக்கம் 1999 மே, பார்சலோனாவின் கேம்ப் நூ மைதானம். சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி, எதிரே பயர்ன் மியூனிக், 90 நிமிடம் கடந்தும் 1-0 என்று பின்தங்கிய நிலை. கூடுதல் நேரத்தில் ஷெரிங்ஹாம் ஒன்று போட, அடுத்து மாற்று ஆட்டக்காரராக இறங்கிய ஓலே குன்னர் சோல்ஷியார் காலை நீட்டி இன்னொன்று போட்டார். அந்தக் காலை நீட்டிய மனிதரை ஒரு தலைமுறை மறக்கவில்லை.

2018 டிசம்பரில் மொரின்யோவை யுனைடெட் நீக்கியபோது சீசன் முடியும்வரைக்கும் என்று சொல்லி சோல்ஷியாரை நார்வேயிலிருந்து அழைத்தார்கள். அணி திடீரென்று சிரித்துக்கொண்டே ஆடத் தொடங்கியது. முதல் 19 ஆட்டங்களில் 14 வெற்றி. 2019 மார்ச் 6 அன்று பாரிஸில், முதல் ஆட்டத்தில் 2-0 என்று தோற்ற கடனோடு போய், காயத்தால் பாதி அணி இல்லாமல் 3-1 என்று ஜெயித்து பிஎஸ்ஜியை வெளியேற்றினார்கள். அன்றிரவு தொலைக்காட்சியில் முன்னாள் வீரர் ரியோ ஃபெர்டினாண்ட், ஒப்பந்தத்தை ஓலே முன் வையுங்கள், தொகையை அவரே எழுதிக்கொள்ளட்டும் என்ற தொனியில் ஆர்ப்பரித்தார். மைதானத்துக்குப் போகிற ரசிகர்களில் பெரும்பாலோர் மனதிலும் அதேதான். அந்த ஒரு முறை கிளப் ரசிகன் சொன்னதைக் கேட்டது. மார்ச் 28 அன்று மூன்றாண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது.

அதன்பின் அந்த சீசனில் ஆடிய 10 ஆட்டங்களில் 2-ல்தான் வெற்றி.

சோல்ஷியாரைக் கேலி செய்ய இதைச் சொல்லவில்லை. 2020-21-ல் லீக்கில் இரண்டாமிடம் வந்தார். ஐரோப்பா லீக் இறுதிப் போட்டியில் வியாரியாலிடம் பெனால்டியில் 11-10 என்று தோற்றார். ஒரு பெனால்டி உள்ளே போயிருந்தால் கதை வேறு. ஆனால் 2021 அக்டோபரில் சொந்த மைதானத்தில் லிவர்பூலிடம் 5-0, நவம்பரில் வாட்ஃபோர்டில் 4-1. போதும் என்றார்கள். நீக்கம் அறிவிக்கப்பட்ட அன்று விடைபெறும் பேட்டியில் கண் கலங்கினார். கால்பந்தில் நீக்கப்பட்ட மேனேஜருக்குக் கிளப்பே பேட்டி எடுத்து ஒளிபரப்பியது அபூர்வம். அவரை யாரும் வெறுக்கவில்லை. அதுதான் சிக்கலும்கூட: வெறுக்க முடியாத ஒருவரை வேலையிலிருந்து எடுப்பதற்கு யாருக்கும் கை வரவில்லை.

இதே ஆல்பத்தைப் பலரும் திறந்திருக்கிறார்கள். நியூகாசிலில் 2009-ல் அலன் ஷீரரை கடைசி எட்டு ஆட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஒன்றில்தான் வெற்றி, அணி தரமிறங்கியது. யுவென்டஸ் 2020-ல் அந்த்ரேயா பிர்லோவை முதலில் இளையோர் அணிக்கு நியமித்து, பத்து நாளுக்குள் தலைமை அணியைக் கொடுத்தது. தொடர்ந்து ஒன்பது முறை வென்ற பட்டம் கைவிட்டுப் போயிற்று. எதிர்ச்சான்று உண்டு. ரியால் மாட்ரிடில் ஜிதேன் வரிசையாக மூன்று சாம்பியன்ஸ் லீக் எடுத்தார். பார்சலோனா 2008-ல் லிஸ்பனுக்கு ஆளனுப்பி மொரின்யோவிடம் பேசியும் பார்த்துவிட்டு, தன் இரண்டாம் அணியை நடத்திக்கொண்டிருந்த பெப் குவார்டியோலாவைத் தேர்ந்தது. அந்தத் தேர்வில் பாசம் மட்டும் இருக்கவில்லை. அவர் அந்த இரண்டாம் அணியை எப்படி ஆட வைத்தார் என்பதை ஒரு சீசன் முழுக்க அருகிலிருந்து பார்த்திருந்தார்கள்.

கணக்குப் போட்டு எடுத்த லிவர்பூல்

2024 ஜனவரி 26 அன்று லிவர்பூல் மேனேஜர் யூர்கன் கிளாப், சீசன் முடிவில் விலகுகிறேன், என்னிடம் சக்தி தீர்ந்துவருகிறது என்று அறிவித்தார். அன்று மாலையே லிவர்பூல் நகரத்தில் ஒரே பெயர்: சாபி அலோன்சோ. காரணம் கேட்கவே வேண்டாம். 2005-ல் இஸ்தான்புல்லில் ஏசி மிலானிடம் 3-0 என்று பின்தங்கிய லிவர்பூல் மீண்டு வந்த இரவில் மூன்றாவது கோலைப் போட்டவர். பழைய ஆள் என்பதோடு இவரிடம் புதிய சான்றும் இருந்தது. அந்த வருடம் ஜெர்மனியில் அவருடைய பயர் லெவர்குசன் ஒரு லீக் ஆட்டத்திலும் தோற்கவில்லை. 28 வெற்றி, 6 டிரா, கிளப் வரலாற்றில் முதல் லீக் பட்டம்.

மார்ச் 29 அன்று அலோன்சோ, நான் லெவர்குசனிலேயே இருக்கிறேன் என்றார். லிவர்பூலில் அன்று ஒரு பெண் பார்க்கும் படலம் முறிந்த வீட்டின் களை. அடுத்து ஸ்போர்ட்டிங் லிஸ்பனின் ரூபன் அமோரிம் என்றார்கள். அவருமில்லை. கடைசியில் வந்த பெயர் ஃபெயனூர்டின் ஆர்னே ஸ்லாட். நெதர்லாந்துக்கு வெளியே வேலை பார்க்காதவர், இங்கிலாந்தில் பலருக்கு முகமே தெரியாதவர். லிவர்பூல் நிர்வாகத்தில் மைக்கேல் எட்வர்ட்ஸும் ரிச்சர்ட் ஹியூஸும் உட்கார்ந்து, புள்ளிவிவரப் பிரிவின் கணக்கையும் வைத்துக்கொண்டு எடுத்த முடிவு இது. கிளாப் விட்டுச்செல்லும் ஆட்டக்காரர்களுக்கு எந்த ஆட்டமுறை பொருந்தும் என்று பார்த்தார்களே தவிர எந்தப் பெயருக்குக் கைத்தட்டல் விழும் என்று பார்க்கவில்லை.

ஸ்லாட்டுக்கு அந்தக் கோடையில் களமிறங்கக் கிடைத்த புது ஆட்டக்காரர் ஃபெடெரிகோ கியேசா ஒருவர்தான். 2025 ஏப்ரல் 27 அன்று டாட்டன்ஹாமை 5-1 என்று அடித்து, நான்கு ஆட்டம் பாக்கியிருக்கும்போதே லிவர்பூல் தன் 20-வது லீக் பட்டத்தை எடுத்தது. லிவர்பூலின் ஆன்ஃபீல்ட் மைதானத்தில் ஸ்லாட் பெயரில் பாட்டு. அலோன்சோவுக்காக ஏங்கிய அதே தொண்டைகள்.

ரசிகன் தோற்றான், கணக்கு ஜெயித்தது என்று கதையை இங்கே முடித்துக்கொள்ளலாம்தான். ஆனால் அடுத்த சீசன் இருக்கிறது. கோடையில் பணத்தை வாரியிறைத்துப் புது ஆட்டக்காரர்களை எடுத்தார்கள். ஜூலையில் டியோகோ ஜோட்டா கார் விபத்தில் இறந்தார். அந்தத் துக்கத்தை எந்தப் புள்ளிவிவரத்திலும் அடக்க முடியாது. 2025 நவம்பர் 26 அன்று சொந்த மைதானத்தில் பிஎஸ்வியிடம் 4-1 என்று தோற்றபோது அது 12 ஆட்டங்களில் ஒன்பதாவது தோல்வி. பட்டம் வாங்கி ஏழு மாதம்தான். அடுத்தவர் யார் என்ற பேச்சு மீண்டும் தொடங்கிவிட்டிருந்தது.

முதலாளிகள் மட்டும் என்ன கிழித்தார்கள்?

ரசிகனைக் குறை சொல்வது சுலபம். சம்பளம் வாங்கிக்கொண்டு தேர்வு செய்தவர்களின் லட்சணத்தையும் பார்த்துவிடுவோம். இதற்கு மான்செஸ்டர் யுனைடெட்டின் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டைவிடச் சிறந்த இடம் கிடையாது.

1986 நவம்பரில் வந்த அலெக்ஸ் ஃபெர்குசன் 2013 மே மாதம் விலகும்போது 13 லீக் பட்டம் உட்பட 38 கோப்பைகள் வைத்துவிட்டுப் போனார். அவரையும் 1989 டிசம்பரில், மூன்று வருடமாகச் சாக்குப்போக்கு, போய்வா ஃபெர்கி என்ற பொருளில் பேனர் பிடித்து அனுப்பப் பார்த்த கூட்டம் உண்டு. அன்று நிர்வாகம் அசையவில்லை. அடுத்த மே மாதம் எஃப்ஏ கோப்பை வந்தது. விலகும்போது தன் இடத்துக்கு எவர்டனின் டேவிட் மோயஸைக் கைகாட்டியதும் ஃபெர்குசன்தான். ரசிகர்களிடம் யாரும் கேட்கவில்லை. ஆனாலும் அவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்று எழுதிய மோயஸின் பேனரை மைதானத்தின் ஸ்ட்ரெட்ஃபோர்ட் எண்ட் பகுதியில் தொங்கவிட்டார்கள். ஆறாண்டு ஒப்பந்தம். 2014 மார்ச்சில் அந்தப் பேனரை யாரும் கிழித்துவிடாமலிருக்கக் காவல் போட வேண்டி வந்தது. அதே மாதம் 29 அன்று, தப்பான ஆள், மோயஸ் அவுட் என்று ஒரு விமானம் மைதானத்துக்கு மேலே பறந்தது. கீழே இருந்த ரசிகர்கள் விமானத்தைப் பார்த்துத்தான் கூச்சல் போட்டார்கள், மோயஸுக்குக் கைத்தட்டினார்கள். இந்த ஒரு காட்சிக்காக அந்தக் கூட்டத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஏப்ரல் 22 அன்று நிர்வாகம் மோயஸை நீக்கியது.

பிறகு வான் கால். 2016-ல் எஃப்ஏ கோப்பை வாங்கிய இரண்டாம் நாள் வெளியே. மொரின்யோ. சோல்ஷியார். இடைக்காலத்துக்கு ரங்னிக். எரிக் டென் ஹாக் 2024 மே மாதம் எஃப்ஏ கோப்பை வாங்கினார், லீக்கில் எட்டாமிடம். அந்தக் கோடையில் நிர்வாகம் வேறு ஆட்களிடம் பேசிப் பார்த்தது, சரிவரவில்லை, சரி இவரே இருக்கட்டும் என்று ஜூலையில் ஒப்பந்தத்தை நீட்டித்தது, அக்டோபர் 28 அன்று நீக்கியது. நாலு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. இதை ஒரு ரசிகன் செய்திருந்தால் கிறுக்கன் என்றிருப்போம்.

அடுத்து, ஸ்போர்ட்டிங் லிஸ்பனுக்கு ஒரு கோடி யூரோவுக்கு மேல் கொடுத்து அமோரிமை சீசன் நடுவில் கூட்டிவந்தார்கள். மூன்று தடுப்பாட்டக்காரர்களோடு ஆடுவது அவர் பாணி. கையிலிருந்த அணி அதற்காகச் சேர்க்கப்பட்டதல்ல. 42 புள்ளி, 15-வது இடம், பில்பாவோவில் ஐரோப்பா லீக் இறுதிப் போட்டித் தோல்வி. அமோரிம் பொறுப்பேற்ற ஒரு மாதத்துக்குள், அணிச் சேர்க்கைக்குப் பொறுப்பாக இருந்த விளையாட்டு இயக்குநர் டான் ஆஷ்வொர்த் வேலையை விட்டுப் போயிருந்தார். அவர் வந்தே ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. 2026 ஜனவரி தொடக்கத்தில் லீட்ஸோடு டிரா செய்த அன்று அமோரிம், நான் இங்கே மேனேஜராக வந்தேன், வெறும் கோச்சாக அல்ல என்று நிர்வாகத்தைச் சாடினார். மறுநாள் அவரும் இல்லை.

அவர் சொன்னதில் ஒரு உண்மை இருக்கிறது. ஃபெர்குசன் காலத்து மேனேஜர் ஆட்டக்காரரை வாங்குவார், விற்பார், இளையோர் பயிற்சியையும் கவனிப்பார். இன்று பெரும்பாலான கிளப்பில் ஆள் எடுப்பது விளையாட்டு இயக்குநர், அவருக்கு மேலே ஒரு தலைமை நிர்வாகி, பக்கத்தில் புள்ளிவிவரப் பிரிவு. வருகிறவர் கொடுத்த அணியை ஆடவைக்க வேண்டும், அவ்வளவே. ரசிகனின் விவாதம் மட்டும் இன்னும் ஃபெர்குசன் காலத்திலேயே நிற்கிறது. ஒரு மீட்பர் வந்து எல்லாவற்றையும் சரிசெய்வார் என்ற எதிர்பார்ப்பில் பெயர்களை அடுக்குகிறான். மீட்பருக்குச் சாவி கொடுக்கிற ஆள் யார் என்று கேட்பதில்லை.

ஓட்டு இருக்கும் ஊர்

அந்தக் கேள்வியைக் கேட்கிற ஒரு ஊர் இருக்கிறது. ஸ்பெயினின் வடக்கே, பாஸ்க் நாட்டில், பில்பாவோ.

1990-ல் ஸ்பெயின் கொண்டுவந்த விளையாட்டுச் சட்டம் தொழில்முறைக் கால்பந்துக் கிளப்புகளை நிறுவனங்களாக மாறச் சொன்னது. நான்கு கிளப்புகளுக்கு மட்டும் விலக்கு: ரியால் மாட்ரிட், பார்சலோனா, ஒசாசுனா, அத்லெட்டிக் பில்பாவோ. இந்த நான்கிலும் உறுப்பினர்களே உரிமையாளர்கள். தலைவரை அவர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். பில்பாவோவில் 40,000-க்கு மேற்பட்ட உறுப்பினர்கள். பாஸ்க் மண்ணில் பிறந்த, அல்லது அங்கே ஆட்டம் கற்றுவந்த வீரர்களை மட்டுமே எடுப்பது இந்த அணியின் நூற்றாண்டு கடந்த வழக்கம். வெளியிலிருந்து நட்சத்திரத்தை வாங்கித் தருகிறேன் என்று இங்கே ஓட்டுக் கேட்க முடியாது. அதனால் வேட்பாளர் கையில் மிஞ்சுகிற பெரிய வாக்குறுதி பயிற்சியாளர்தான்.

2011 ஜூலையில் பதவியிலிருந்த தலைவர் பெர்னாண்டோ கார்சியா மக்குவா, பழைய பயிற்சியாளர் கப்பரோஸே தொடர்வார் என்று சொல்லி நின்றார். எதிர்த்து நின்ற முன்னாள் வீரர் ஜோசு உருட்டியா ஒரு பெயரை வைத்தார்: அர்ஜென்டினாவின் மார்செலோ பியல்சா. பித்தன் என்ற பட்டப்பெயரோடு ஊர் சுற்றும் மேதை. ஊர் உருட்டியாவைத் தேர்ந்தெடுத்தது. முதல் சீசனிலேயே பில்பாவோ ஓல்ட் டிராஃபோர்டுக்குப் போய் ஃபெர்குசனின் யுனைடெட்டை 3-2 என்று வென்றது. ஐரோப்பா லீக், ஸ்பெயின் அரசர் கோப்பை என்று இரண்டு இறுதிப் போட்டிகளைத் தொட்டது. இரண்டிலும் 3-0 என்று தோற்றது. பித்தன் அணியை ஓட ஓட ஆடவிட்டதில் கடைசிக்கு யாருக்கும் காலில் தெம்பில்லை. ஆனாலும் அந்த ஊரில் அந்த வருடத்தைப் பற்றிக் கேட்டால் முகம் மலரும்.

2022 ஜூனில் மறுபடி தேர்தல். இந்த முறை இஞ்ஞாக்கி அரெச்சபலேட்டா என்ற வேட்பாளர், மீண்டும் பியல்சா என்றார். பியல்சாவே காணொளியில் தோன்றி, அணியின் ஆட்டக்காரர்களை அலசி, லெசாமா பயிற்சி வளாகத்தில் என்னென்ன மாற வேண்டும் என்றும் நீளமாக விளக்கினார். ஆல்பத்தின் மிக அழகான பக்கம் மேசையில் திறந்து கிடந்தது. இங்கிலாந்தைப் போல ஓட்டில்லாமல் கூச்சல் மட்டும் இருந்திருந்தால், பியல்சாவின் பெயரை எதிர்த்து ஒரு குரல் கேட்டிருக்குமா?

பில்பாவோ உறுப்பினர்கள் இன்னொரு வேட்பாளரான ஜோன் உரியார்ட்டேவுக்கு ஓட்டுப் போட்டார்கள். சில நாளில் எர்னெஸ்டோ வால்வெர்டே மூன்றாம் முறையாகப் பயிற்சியாளர் ஆனார். அவரும் பழைய ஆள்தான். ஆனால் ஆரவாரமில்லாத பழைய ஆள். 2024 ஏப்ரலில் செவியா நகரத்தில் மல்லோர்க்காவைப் பெனால்டியில் வீழ்த்தி அத்லெட்டிக் அரசர் கோப்பையை எடுத்தது. 40 ஆண்டுக்குப் பிறகு. 1984-லிருந்து காத்துக்கிடந்த கபார்ரா என்ற தட்டைப்படகில் வீரர்கள் ஏறி நெர்வியோன் ஆற்றில் வலம் வர, கரையெங்கும் ஜனம். அடுத்த சீசனில் லீக்கில் நாலாமிடம், சாம்பியன்ஸ் லீக் தகுதி.

இரண்டு தேர்தலிலும் ஒரே பியல்சா. ஒரு முறை எடுத்தார்கள், ஒரு முறை விட்டார்கள். 2011-ல் அவர்களுக்கு ஒரு உலுக்கல் தேவைப்பட்டது, 2022-ல் நிதானம். விளைவைச் சுமக்கப்போவது தாங்கள்தான் என்று தெரிந்த ரசிகன், ஆல்பத்தை மூடிவைத்துவிட்டும் யோசிக்கிறான்.

ஓட்டு இருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், அதுவுமில்லை. இங்கிலாந்தில் 2008-ல் இணையத்தின் வழியே ஆளுக்கு 35 பவுண்டு போட்டு ஆயிரக்கணக்கானோர் எப்ஸ்ஃப்ளீட் யுனைடெட் என்ற சிறிய கிளப்பை வாங்கினார்கள். அணியைக்கூட ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்போம் என்பதுதான் தொடக்கத்தில் சொன்னது. கையில் அதிகாரம் வந்ததும், ஆட்டக்காரர் தேர்வு உங்கள் வேலை, நீங்களே பாருங்கள் என்று மேனேஜர் லியாம் டெய்ஷிடம் விட்டுவிட்டார்கள். அந்த வருடமே வெம்பிளியில் எஃப்ஏ டிராஃபி கிடைத்தது. பிறகு உறுப்பினர்கள் சந்தாவைப் புதுப்பிக்காமல் கரைந்து, 2013-ல் கிளப் வேறு கைக்குப் போயிற்று. ஓட்டுப் போட ஆசைப்பட்டவர்கள் மாதாமாதம் கணக்குப் பார்க்க ஆசைப்படவில்லை.

இங்கிலாந்து இப்போது ஒரு படி நகர்ந்திருக்கிறது. பெரிய கிளப்புகள் 2021-ல் தனியாக சூப்பர் லீக் தொடங்கப் பார்த்து, ரசிகர்கள் தெருவில் இறங்கியதால் 48 மணி நேரத்தில் பின்வாங்கிய கதை நினைவிருக்கும். அதன் தொடர்ச்சியாக வந்த கால்பந்து நிர்வாகச் சட்டம் 2025 ஜூலையில் அரச ஒப்புதல் பெற்றது. இனி கிளப்பின் லச்சினையையோ சொந்த மைதானத்தில் அணியும் ஜெர்சியின் நிறத்தையோ முதலாளி தன்னிஷ்டத்துக்கு மாற்ற முடியாது. ரசிகர்களின் ஆதரவு வேண்டும். மேனேஜர் அந்தப் பட்டியலில் இல்லை.

இருக்கவும் வேண்டாம் என்பேன். அடுத்த மேனேஜரை ஐம்பதாயிரம் பேர் கூச்சலில் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு டிசம்பரிலும் ஒரு சோல்ஷியார் வருவார். ஆனால் ஜூலையில் ஒப்பந்தம் நீட்டித்து அக்டோபரில் நீக்குகிற நிர்வாகியிடம், ஐந்து மாதத்தில் ஓடிப்போகிற இயக்குநரை எடுத்தவரிடம், ஏனய்யா என்று முகத்துக்கு நேரே கேட்க இயக்குநர் குழுவில் ரசிகர்கள் தேர்ந்தெடுத்த இரண்டு பேராவது உட்கார வேண்டும். விமானம் அமர்த்தப் பணம் திரட்டத் தெரிந்தவர்களுக்கு அந்த நாற்காலியைக் கேட்டு வாங்கவும் தெரிய வேண்டும்.